பீலித் தண்ணீரும் வெள்ளைப் புள்ளியும்

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயது போதாது. ஓய்வும் இல்லை, மகனுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. ஆனாலும் ஹட்டன் டவுனில் ஓர் அலங்கார மீன் கடையில் சில வருடங்கள் வேலை பார்த்து, பிள்ளைக்காக அதை விட்டு, இனித் திரும்பிப் போகப் போவதில்லை என்றும் தெரிந்துகொண்டவள் நான். அந்த வகையில் நானும் பழைய ஆள்தான்.

இதை எழுதத் தூண்டியவள் என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் தர்ஷினி. போன வாரம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பின்னணியில் காற்று மோட்டார்கள் தண்ணீரில் குமிழி விடும் சத்தம் கேட்டது. "அக்கா, புதுசா வந்த மீனுக்கெல்லாம் வெள்ளப்புள்ளி விழுந்திருச்சி. போத்தல்ல போட்டிருக்கிற மாதிரிதான் மருந்து ஊத்துனேன். ஒரு தடவ போயிட்டு இப்ப ரெண்டு மடங்கா வந்திருக்கு. சாந்தனி அக்கா கண்டிக்குப் போயிருக்காங்க. நீங்க எப்புடிச் செஞ்சீங்க?"

மகனைத் தோளில் போட்டுக்கொண்டே பதில் சொன்னேன். சொல்லி முடித்ததும் வழக்கம்போல் சந்தேகம் பிடித்துக்கொண்டது. உப்பைக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று சொன்னேனா? செதில் இல்லாத மீன் இருக்கும் தொட்டியில் கவனம் என்று சொன்னேனா? இன்னொரு பதிவு, அதற்குப் பின் இன்னொன்று. கடைசியில் அவள், "அக்கா, பேசாம எழுதியே தந்துருங்க" என்று சிரித்தாள். எழுத உட்கார்ந்தேன். மருந்தை மட்டும் எழுதி முடிக்க முடியவில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஆசிரியர் நியமனம் ஏதாவது வரும்வரைக்கும் என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன். கொட்டகலையிலிருந்து காலை பஸ். முதல் வருடம் முழுக்கத் தொட்டிக் கண்ணாடி துடைத்ததும் குழாய் வைத்து அடிமணலை உறிஞ்சி எடுத்ததும்தான் வேலை. நியமனம் வரவில்லை. மீன் பிடித்துப்போய்விட்டது.

கடை சின்னது. ஆனால் அந்தத் தெருவிலேயே சூடான இடம் அதுதான். தொட்டிக்குத் தொட்டி ஹீட்டர் இருந்ததால், மழைக் காலத்தில் முன் கண்ணாடி வேர்த்துப் போயிருக்கும். பஸ் கண்டக்டர்கள் மீன் பார்ப்பதுபோல் உள்ளே வந்து கையைச் சூடாக்கிக்கொண்டு போவார்கள். சாந்தனி அக்காவுக்கு அது தெரியும். ஒரு நாளும் யாரையும் விரட்டியதில்லை. "மல்லி, கண்ணாடியில கை வச்சாப் போதும், தட்ட வேணாம்" என்பார். அவ்வளவுதான்.

சாந்தனி அக்கா கடையின் முதலாளி. சிங்களவர். வட்டவளைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். தன்னைவிட இளைய ஆண்கள் எல்லாரும் அவருக்கு மல்லி, அதாவது தம்பி; பெண்கள் எல்லாரும் நங்கி, தங்கச்சி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். கிட்டப் போய்த்தான் கேட்க வேண்டும், கிட்டப் போனால் ஏச்சு.

கீழ்நாட்டிலிருந்து மீன் வான் வரும் காலைகளை என்னால் மறக்க முடியாது. ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகள், பந்து பந்தாக. அக்கா பையை உடனே வெட்ட விடமாட்டார். தனியாக வைத்திருக்கும் தொட்டியில் பையோடு மிதக்க விட வேண்டும். பையின் சூடும் தொட்டியின் சூடும் ஒன்றான பிறகு வாயை அவிழ்த்து, சுருட்டி, தொட்டித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக உள்ளே விட வேண்டும். பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. ஒரு தொட்டி வலை இன்னொரு தொட்டிக்குப் போகக் கூடாது. ஒரு தொட்டியில் விட்ட கையை மறு தொட்டியில் விடுமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். அக்காவின் கைகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது அதனால்தான்.

வந்த மீனை அன்றே கேட்டு யாராவது நின்றால் தரமாட்டார். "அது விருந்தாளி மல்லி. வந்த விருந்தாளிய வாசல்லயே திருப்பி அனுப்புறதா?" என்பார். உண்மைக் காரணம் வேறு. பயணத்தில் களைத்த மீனுக்கு வெள்ளைப் புள்ளி இருந்தால், அது வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரைக்கும் டோர்ச் லைட்டைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். செட்டையை ஒடுக்கிக்கொள்கிறதா, கல்லில் உடம்பை உரசுகிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா. புள்ளி வருவது அதற்குப் பிறகுதான், தூள் உப்பைத் தூவிவிட்டாற்போல.

தர்ஷினிக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அந்தப் புள்ளி ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று பெருத்ததும் தானாகக் கழன்று அடியில் விழும். அப்போது மீன் பளபளவென்று ஆகிவிடும். எல்லாரும் ஏமாறுவது அங்கேதான். அடியில் விழுந்தது ஓடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் குஞ்சு விடும். அந்தக் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும் கொஞ்ச நேரத்தில்தான் மருந்தோ உப்போ அவற்றைக் கொல்லும். தண்ணீர் சூடாக இருந்தால் இந்தச் சுற்று சில நாட்களில் முடியும். நம் மலைக் குளிரில் வாரக் கணக்கில் இழுக்கும். போத்தலில் எழுதியிருக்கும் நாட்கணக்கு சூடான ஊர்களுக்கு. ஹட்டனுக்கு அது போதாது.

இது எனக்கு நன்றாக மனதில் பதிந்தது மகேந்திரன் அண்ணனின் மீனால்.

அவர் டவுனிலிருந்து சற்றுத் தள்ளிய ஒரு தோட்டத்தின் தேயிலை ஃபெக்டரியில் அடுப்புக்கு விறகு போடுபவர். அந்தப் பெரிய அடுப்பையும் அது இருக்கும் இடத்தையும் எல்லாரும் பொயிலர் என்றுதான் சொல்வார்கள். அவர் மனைவி செல்வி அக்கா வீட்டு வேலைக்காகக் குவைத் போனவர். போவதற்கு முந்தின கிழமை, மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்து இரண்டு கோல்ட் ஃபிஷ் வாங்கினார். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பிள்ளைக்கு அப்போது நான்கு வயதுகூட இல்லை. பெரியதைக் காட்டி, "இது அம்மா மீன், மத்தது பாப்பா மீன்" என்று அவளே பெயர் வைத்தாள். நான்தான் பையில் கட்டிக் கொடுத்தேன். செல்வி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

பல மாதங்களுக்குப் பிறகு மகேந்திரன் அண்ணன் ஒருநாள் வந்து நின்றார். கோயில் திருவிழாவில் பையில் தொங்கவிட்டு விற்ற மீன்களில் மூன்றை வாங்கி, துணைக்கு இருக்கட்டும் என்று அப்படியே தொட்டியில் விட்டிருக்கிறார். புதியவை செத்துவிட்டன. பழைய இரண்டின் மேலும் புள்ளி. அக்கா கடையில் இல்லை. நீல மருந்தைக் கொடுத்து, புள்ளி போனாலும் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு தடவை சொன்னேன். அவர் படி இறங்கிய பிறகு பின்னாலேயே ஓடி மூன்றாவது தடவையும் சொன்னேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

சில நாட்களில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "எல்லாம் போயிருச்சி தங்கச்சி. மீனு பளபளன்னு இருக்கு."

பழத்தை வாங்காமல் கேட்டேன். "மருந்து இன்னும் ஊத்துறீங்கதானே அண்ணே?"

"ஊத்துறேன், ஊத்துறேன்" என்று பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. வேலை உடுப்போடு, முழங்கை வரை கரியோடு நின்றார். மீன்கள் உடம்பு முழுக்க வெள்ளையாகி அடியில் படுத்துவிட்டனவாம். அன்று சாந்தனி அக்கா இருந்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார்.

"மல்லி, தண்ணி எங்கருந்து?"

"பீலித் தண்ணிங்க. மலை ஊத்துல இருந்து நேரா வருது. அத மாதிரி சுத்தமான தண்ணி எங்கயும் இல்ல."

"எத்தனை தடவை மாத்துறது?"

"காலையில, சாயங்காலம். மருந்து ஊத்துனா தண்ணி நீலமா நிக்கிதுங்க. நோயில கெடக்குற மீன அந்தக் கலங்கல்ல எப்புடி விடுறது? எல்லாத்தையும் கொட்டிட்டு பீலியில இருந்து புதுசா புடிச்சி ஊத்துவேன். ஊத்துன கொஞ்ச நாள்ல புள்ளி கொட்டிருச்சிங்களே."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுக் குளிக்க வார்ப்பதென்றாலும் சாமிக்கு அபிஷேகம் என்றாலும் பீலித் தண்ணீர்தான். அதைவிட நல்லது ஒன்று இருக்கிறதென்று யார் நம்புவார்கள்? சுத்தமான தண்ணீர்தான். ஆனால் ஐஸ். மீனைத் தினமும் இரண்டு தடவை குளிரில் முக்கி எடுத்திருக்கிறார். மருந்து வேலை செய்யுமுன் வடிகானுக்குள் போயிருக்கிறது. பெருத்த புள்ளிகள் தாமாகக் கழன்று விழுந்ததைப் பீலி சுகமாக்கியது என்று நினைத்திருக்கிறார்.

"ஹீட்டர் வைக்கணும்" என்றார் அக்கா.

"எங்க லயத்து வீடுகள்ல கேத்தல் போட்டாலே கரண்ட் விழுந்துருதுங்க." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சின்னது போனாலும் பரவாயில்லைங்க. பெருசு போகக் கூடாது. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போன்ல அவ அம்மாவுக்கு அதத்தான் காட்டுவா. அம்மா மீன் செத்துப்போச்சின்னு அந்தப் புள்ளகிட்ட எந்த வாயால சொல்றது?"

அக்கா அவருடைய கரிக் கையைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க வேலை செய்ற எடம் சூடுதானே?"

விறகுக் கொட்டகை, அடுப்புச் சுவரின் மறுபக்கம் இருந்தது. தேயிலைக் கொழுந்து வரும் நாளெல்லாம் அந்தச் சுவர் இளஞ்சூடாக இருக்கும். ஆனால் மீனை அங்கே வைக்க, ஃபெக்டரியைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா ஒத்துக்கொள்ள வேண்டும். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அங்கே சென்ட் பூசிக்கொண்டுகூடப் போக முடியாது. மகேந்திரன் அண்ணன் கேட்டுவிட்டு வந்து பதிலை எங்களுக்கு அப்படியே நடித்துக் காட்டினார்: "'மருந்து வாட ஒரு துளி வந்துச்சி, மீனையும் ஒன்னையும் சேத்து அடுப்புல வச்சிருவேன்'னு சொல்லிட்டாருங்க. ஆனா வேணாம்னு சொல்லல."

"அப்ப மருந்து வேணாம்" என்றார் அக்கா. "உப்புக்கு வாடை இல்லையே. கோல்ட் ஃபிஷ் உப்பு தாங்கும். சூடும் உப்பும் போதும்."

பெரிய பிளாஸ்டிக் பேசினில் இரண்டு மீனையும் மாற்றினார்கள். கல் உப்பைத் தனியாகக் கரைத்து, ஒரே தடவையில் அல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சூட்டையும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். பேசினை முதலில் சுவருக்கு எட்ட வைத்து, பிறகு செங்கல் செங்கலாகக் கிட்டே நகர்த்தினார்கள். சூடான தண்ணீரில் காற்றுக் குறையும் என்பதால் பட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்றை அக்கா இரவல் கொடுத்தார். அடியை உறிஞ்சி எடுத்த அளவுக்கு ஊற்ற, பீலித் தண்ணீரை முதலிலேயே வாளியில் பிடித்து அதே சுவரோரம் வைத்துச் சூடேற்றினார்கள். மற்ற அடுப்புக்காரர்களும் ஆள் மாறி ஆள் பார்த்துக்கொண்டார்கள். கேலிக்கும் குறைவில்லை.

"உப்பு போட்டாச்சி, சூடும் வச்சாச்சி, புளிதான் கொறையுது" என்பாராம் ஒருவர். டீமேக்கர் ஐயா அந்தப் பக்கம் வந்தால் முதலில் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார், பிறகு குனிந்து மீனைப் பார்ப்பாராம்.

ஞாயிற்றுக்கிழமைதான் ஆபத்து. கொழுந்து இல்லை, அடுப்பு அணைந்துவிடும். "நங்கி, கடையைப் பாதியில சாத்துறேன். நீ போய்ப் பாரு" என்று அக்கா வெப்பமானியைக் கையில் கொடுத்து அனுப்பினார். காலைப் பூசைக்கு உடுத்தியிருந்த நல்ல உடுப்போடு விறகுக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். சுவர் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே பனி இறங்கியிருந்தது. மகேந்திரன் அண்ணனும் இன்னொரு அடுப்புக்காரரும் கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கையும் சாக்கையும் பேசினைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சாம்பலுக்குள் இருந்த தணலில் கேத்தலை வைத்துச் சுடுதண்ணீர் போட்டு, போத்தல்களில் நிரப்பி மூடி, பேசினில் மிதக்க விட்டோம். ஆறியதை எடுத்து வேறு போட்டோம். வெப்பமானியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. அதிகம் சூடாகிவிட்டதோ என்று ஒரு போத்தலை எடுப்பேன்; குறைந்துவிட்டதோ என்று மறுபடி போடுவேன். இப்போது மகனின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் அதே கைதான்.

பெரிய மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. அண்ணனின் மகள் பாப்பா ஒரு விறகுக் கட்டையின்மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் போன் அடித்தது.

செல்வி அக்கா வீடியோவில் வந்தார். மகேந்திரன் அண்ணன் போனைத் தன் முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார். பயனில்லை.

"ஏங்க, அது என்னா எடம்? செவுரெல்லாம் கரியா இருக்கு?"

"சும்மா, பொயிலர் பக்கம்."

"ஞாயித்துக்கெழமையில பொயிலர்ல என்னா வேல? பாப்பா எங்க? மீன் எங்க?"

பிள்ளையே சொல்லிவிட்டாள். "அம்மா, அம்மா மீனுக்குக் காய்ச்சலு. நாங்க குளுருக்குப் போத்திவிட்டிருக்கோம்."

அண்ணன் போனை என்னிடம் நீட்டினார். எனக்குத் தெரிந்ததை முறையாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "தங்கச்சி, அது செத்துருமா?" என்றார்.

"சொல்லத் தெரியலக்கா. நாளைக்கு அடுப்பு மூட்டுற வரைக்கும் தாங்குனா பொழைக்கும்னு நெனைக்கிறேன்."

"அவருகிட்ட போனக் குடுங்க."

கொடுத்தேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் அவர் பேசினார்.

"இங்க பாருங்க. மீன் போனா ஒரு அழுக அழுதுட்டு விட்டுருவா. அதுக்கு அம்மான்னு பேரு வச்சதுனாலதானே நீங்க சோறு தண்ணி இல்லாம அங்க போயி குந்திக்கிட்டு இருக்கீங்க? நான் நல்லாத் திங்கிறேன், நல்லாத் தூங்குறேன். எனக்கு ஒண்ணும் புள்ளி விழல. மொதல்ல அதோட பேர மாத்துங்க."

அண்ணன் சாக்கின் ஓரத்தைச் சரி செய்தார். இன்னொரு அடுப்புக்காரர் கேத்தல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாப்பா, மீனுக்கு வேற பேரு வைப்போமா?" என்று செல்வி அக்கா குரலை மாற்றிக் கேட்டார்.

"அது அம்மா மீன்."

"அம்மா நான்தானே. இந்தா, ஒன்னோட பேசிக்கிட்டுதானே இருக்கேன். அது வேற ஆளு. அதுக்குன்னு ஒரு பேரு வேணாமா?"

பிள்ளை அதை உண்மையாகவே யோசித்தாள். போனைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"பொயிலர்" என்றாள்.

முதலில் சிரித்தது செல்வி அக்காதான். சிரிப்பு எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் போனைத் திருப்பிவிட்டார், கொஞ்ச நேரம் யாரோ ஒருவர் வீட்டு மேற்கூரை மட்டும் தெரிந்தது.

பேர் மாறியதால் நோய் மாறாது. இருட்டுமுன் பஸ் பிடிக்க வேண்டியிருந்ததால் அரைமனதோடு கிளம்பினேன். சின்ன மீன் இரண்டு நாளில் போய்விட்டது. அண்ணன் அதை மறைக்கவில்லை. பிள்ளையிடமும் சொன்னார், குவைத்துக்கும் சொன்னார். பெரியது அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டிவிட்டது. புள்ளிகள் கொட்டிய பிறகும் உப்பை நிறுத்தவில்லை, அடியை உறிஞ்சுவதை நிறுத்தவில்லை. சுற்று முடிந்துவிட்டது என்று சாந்தனி அக்கா தலையாட்டும்வரை பேசின் சுவரோரமே இருந்தது. பிறகு உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பேசினைச் செங்கல் செங்கலாக எட்டத்துக்கு நகர்த்தி, வெளிக் குளிருக்குப் பழக்கினார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் அன்று நானும் போயிருந்தேன். தேவையில்லைதான். வாளித் தண்ணீரும் வீட்டுத் தொட்டித் தண்ணீரும் ஒரே சூடா என்று என் கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஃபெக்டரியிலிருந்து லயத்துக்கு இறங்கும் படிகளில் மகேந்திரன் அண்ணன் வாளியை இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீர் தளும்பாமல், ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினார். எதிரே கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் வெறும் கூடைகளோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பாப்பா முன்னால் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து அவர்களை மறித்தாள்.

"ஓரமா நில்லுங்க, பொயிலர் வருது."

அவர்கள் ஓரமாக நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக எட்டி வாளிக்குள் பார்த்தார்கள்.